அமுக்குவான்

மெத்தைக் கம்பெனி விளம்பரம்.
ஒரே வரி, பதினோரு மொழி:
'கெட்ட கனவு இனி இல்லை.'
பெல்லந்தூரில் ஏழாவது மாடி, இரவு ஷிஃப்ட்.
கட்டம் கட்டமாகச் சரிபார்க்கிறேன்.

கனவு என்று சொல்லிச் சமாளிக்கிறவர்கள் குறைவு.
ஐஸ்லாந்தில் அது மாராவின் மிதி.
நார்வேயில் அவள் மிதிப்பதில்லை, ஏறிச் சவாரி போகிறாள்;
விடியும்போது தொழுவத்துக் குதிரைகள்
வியர்த்து நிற்குமாம்.
ஆங்கிலத்து நைட்மேரில் இருப்பது பெண்குதிரை என்று
இத்தனை நாள் நினைத்திருந்தேன்.
குதிரை இல்லை. அவளேதான்.
செக் மொழியில் மூரா,
விளக்கைச் சுற்றும் அந்துப்பூச்சிக்கும் அதே பெயர்.
ஃபின்லாந்துக்காரர்கள் சுற்றி வளைக்கவில்லை:
பைனாயைனென். அழுத்துவது.
ஸ்பானியர்களுக்குப் பெசாடில்யா, சின்னப் பாரம்,
மடியில் தூக்கி வைத்துக்கொள்கிற மாதிரி.

தமிழ்க் கட்டத்தில் யாரோ
'தீய சொப்பனம்' என்று போட்டிருந்தார்கள்.
அடித்தேன்.
வேறு ஒன்றும் எழுதாமல் கேப் ஏறினேன்.

ஸ்ரீராமபுரத்தில் என் அறைக்கதவில்
சாக்பீஸில் 'நாளே பா'.
முப்பது வருஷத்துக்கு முந்தைய பயம்.
ராத்திரி கதவைத் தட்டுவது இதைப் படித்துவிட்டு
ஒழுங்காகத் திரும்பிப் போகுமாம்.
கன்னடம் வாசிக்கத் தெரிந்த பேய்.
வீட்டுக்காரர் முனிரத்தினம் இரண்டு தடவை பெயின்ட் அடித்தும்
அந்த இரண்டு சொல்லை மட்டும்
பிரஷ் சுற்றிக்கொண்டு போயிருக்கிறது.

பகல் பத்து மணி.
ஜன்னலில் வெளிச்சம்,
பக்கத்து வீட்டுக் குக்கர் மூன்றாவது விசில்,
எல்லாம் கேட்கிறது.
சுண்டுவிரல் என் பேச்சைக் கேட்கவில்லை.
நெஞ்சின் மேல் ஒரு முழு ஆள்.
மிதியா, சவாரியா, பூச்சியா
என்று விசாரிக்க வாய் இல்லை.

அமுக்குவான்.
அமுக்கியவன் இல்லை, அமுக்குகிறவனும் இல்லை.
எங்கள் ஆட்கள் அவனை
எதிர்காலத்தில் நிறுத்தி வைத்துவிட்டு
நிம்மதியாகத் தூங்கப் போயிருக்கிறார்கள்.
கதவும் அதையேதான் சொல்கிறது.
நேற்று வந்து படித்திருப்பான்.
சொன்ன சொல் தவறாதவன்.

நாலாவது விசிலில் கால் கட்டைவிரல் அசைந்தது.
எழுந்து ஒரு சொம்புத் தண்ணீர் குடித்தேன்.

அன்றிரவு கட்டத்தை நிரப்பினேன்:
'அமுக்குவான் இனி வரமாட்டான்.'
பிராகாவிலிருந்து லென்கா கேட்டாள்,
கூகுளில் போட்டால் ஏதோ ஆள் பெயர் மாதிரி வருகிறதே,
யார் இவன்?

உங்கள் மூராவுக்கு அண்ணன் முறை
என்று தட்டினேன். அழித்தேன்.
எழுத்துப்பிழை இல்லை
என்று மட்டும் பதில் போட்டேன்.