விட்டுப்போன இடம்

மே மாத ஞாயிறு, தராசுக்கு விடுமுறை.
கொழுந்து நிறுக்கும் கொட்டகைத் தரையைக் கூட்டிவிட்டு
பந்தலூர்ப் பெரிய பள்ளிக்கூடத்தை
சாக்பீசால் வரைந்துகொண்டிருந்தோம்.
எங்கள் டிவிஷனில் ஐந்தாம் வகுப்பு முடித்தவர்கள்
இந்த வருஷம் ஏழு பேர்.
ஜூனில் அவர்கள் ஏறப்போகும் பஸ்
ஆறே முக்காலுக்கு.
வழியில் யானை நின்றால் ஏழரைக்கு.

போன வருஷம் ஐந்து பேர் போனார்கள்.
தீபாவளிக்குள் இரண்டு பேர் நின்றுவிட்டார்கள்.
ஏன் என்று கேட்டதற்கு ஒருத்தி சொன்னாள்,
"கக்கூஸ் எங்கேன்னு தெரியல. கேக்க வெக்கமா இருந்துச்சு."
அதனால்தான் இந்த வரைபடம்.

டெல்சன் கேட்டைப் போட்டான்.
ஷஹானா மாடிப்படிகளை எண்ணி எண்ணி வரைந்தாள், இருபத்திரண்டு.
கக்கூஸ் என் பொறுப்பு.
மூன்றாவது கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது,
அதற்கு மட்டும் சிவப்பு.
எந்தக் குழாயில் தண்ணீர் வரும்,
எந்த சாரிடம் சந்தேகம் கேட்கலாம்,
எவரிடம் கேட்கவே கூடாது,
சத்துணவு வரிசையில் பெரிய பையன்கள் இடித்துத் தள்ளும் தூண் எது,
எல்லாம் போட்டோம்.

பிறகு ஏழு பேரையும் உள்ளே நடக்கவிட்டோம்.
பினீஷ் வாயாலேயே மணி அடித்தான்.
"ஆறாம் வகுப்பு பி!" என்றதும் ஓடினார்கள்,
சுவரை மிதித்தவர் அவுட்.
தராசுதான் ஹெட்மாஸ்டர் ரூம்.
நடுங்குவதுபோல் நடித்துக்கொண்டு
அதில் ஏறி நின்ற நவநீதன்
இருபத்து மூன்று கிலோ இருந்தான்.

மதுரிகா மட்டும் கேட்டுக்கு வெளியிலேயே நின்றாள்.
என்ன பாப்பா, என்றேன்.
"யாருமே எங்கூடப் பேசலன்னா
இன்டர்வெல்லுல எங்க போய் நிக்கிறது?"

அதை நாங்கள் வரையவில்லை.

தகரத்தின் மேல் நாலு துளி மழை.
யாரும் யாரையும் பார்க்கவில்லை.
ஷஹானாதான் முதலில் குனிந்தாள்.
தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒரு பெருக்கல் குறி.
"ஆறாவதுல. அரை வருஷம்."
டெல்சன், வாலிபால் டெல்சன்,
இழவு வீட்டிலும் யாரையாவது சிரிக்கவைத்துவிடும் டெல்சன்,
அதே தொட்டிக்கு அந்தப் பக்கம் ஒன்று போட்டான்.
என் குறிக்கு நான் இடம் தேட வேண்டியிருந்தது,
அவ்வளவு நெருக்கடி அங்கே.
அதே பாசிச் சுவர், அதே சொட்டும் குழாய்.
ஒருவர் போன பின்னால்தான் இன்னொருவர் வந்திருக்கிறோம்.

பினீஷ் சாக்பீசை வாங்கிக்கொண்டு நடந்தான்.
கேட்டைத் தாண்டி, ரோட்டைத் தாண்டி,
நாங்கள் கோடே போடாத வெறும் தரையில்
பஸ் ஸ்டாப் பெஞ்சு ஒன்றை வரைந்து அதில் உட்கார்ந்தான்.
"எனக்கு இங்க. நாலு மாசம்.
காலையில பஸ்ல வருவேன், சாயங்காலம் பஸ்ல போவேன்.
என் பேச்சக் கேட்டு சிரிச்சாங்க, அதான்."
அவன் பாடியில் எல்லோரும்
பினீஷ் படிக்கிறான் என்றே சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

மதுரிகா போய் அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.
அவளுக்கு இடம் பத்தவில்லை என்று
பெஞ்சை இன்னும் ஒரு முழம் நீட்டினான்.

திங்கட்கிழமை அந்தப் பள்ளிக்கூடத்தின் மேல்
ஈரக் கொழுந்து மூட்டைகளை இறக்கினார்கள்.

இப்போது ஜூன், இரண்டாவது வாரம், இன்டர்வெல்.
தொட்டிக்குப் பின்னால் நாங்கள் பதினோரு பேர்.
தண்ணீருக்கு உங்கள் பேச்சில் என்ன என்று
மதுரிகா பினீஷை நச்சரித்துக்கொண்டிருந்தாள்.
பி.டி. சார் வந்து விசிலை ஊதினார்,
"இங்க என்ன கூட்டம்? இங்கதானா இடம் கெடைச்சுது?"
ஆமாம் சார், என்றான் டெல்சன்.
விரட்டிவிட்டார். வேறு இடம் பார்க்க வேண்டும்.

வகுப்புக்குத் திரும்பும்போது
ஷஹானா தலைகளை எண்ணினாள்.
எண்ணியதையே மறுபடியும் எண்ணினாள்.
பஸ்ஸில் நவநீதன் எங்களோடுதான் வந்தான்.

பினீஷ் அதற்குள் கேட்டைத் தாண்டி
ரோட்டில் இறங்கியிருந்தான்,
பெஞ்சைப் பார்த்துவர.