காலியிடம்: ஒன்று

புதுவயல் அரிசி ஆலைக்குக் கணக்கர் தேவை.
டாலி தெரிந்திருக்க வேண்டும்.
காலியிடம்: ஒன்று.

ஜெசிந்தாதான் அனுப்பினாள்.
"நானும் போடப்போறேன், நீயும் போடு" என்று கீழே.
ஒன்று என்பதை அவள் வாசிக்காமல் இருந்திருக்க மாட்டாள்.

காரைக்குடி புது பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே
ஜெராக்ஸ் கடையில் பயோடேட்டா அடித்தேன்.
போன வாரம் வந்த யாரோ ஒருவனின் பக்கத்தைத் திறந்து
அவன் பெயரை அழித்து
என் பெயரை ஏற்றினார் கடைக்காரர்.
ஆறு பிரதி எடுத்த பிறகுதான் பார்த்தேன்:
என் பொழுதுபோக்கு கபடி.
தகப்பனார் பெயர் சேவுகப்பெருமாள்.
அப்பா வாங்கிப் படித்துவிட்டு
கபடி இருக்கட்டும், என்றார்,
தகப்பனை மட்டும் மாத்திக்க.

சாயங்காலம் ஏழு மணிக்கு அவள் கேட்பாள், நான் சொல்வேன்.
ஏழரைக்கு மேல் நான் கேட்பேன்.
போனை உப்பு ஜாடியில் சாய்த்து வைத்திருப்பேன்.
குக்கர் மூன்றாவது விசில் அடிப்பதற்குள்
என்னைப் பற்றிச் சொல்லி முடிக்க வேண்டும்.
முதல் நாள் மூன்று விசிலும் போன பிறகு
நான் எட்டாம் வகுப்பில்தான் இருந்தேன்.
பருப்பு குழைந்துவிட்டது.

"உங்கள் பலவீனம் என்ன?"
"கோபம் வரும்."
"இதைச் சொல்லாதே."
"பொய் சொல்ல வராது."
"இதையும் சொல்லாதே."

பிறகு அந்தக் கேள்வி.
ஆறு வருடம் ஏன் இடைவெளி?

எழுதி வைத்திருந்தேன். மனப்பாடமும் ஆகியிருந்தது.
ஆனாலும்
செவ்வாயும் வெள்ளியும் மதுரை, டயாலிசிஸ் என்றதும்
மூக்கு அடைத்துக்கொள்ளும்.
விடிவதற்கு முன் வரும் பஸ்ஸும்
மேலூர் தாண்டியதும் அப்பா கேட்கும் தண்ணீரும்
நான் அளந்து கொடுத்த அரை டம்ளரும்
ஒரு வாக்கியத்துக்குள் உட்கார மாட்டேன் என்கின்றன.
போன வருடம் அம்மாவின் சிறுநீரகம் அவருக்குப் பொருந்தியது.
அதற்கு ஒரு அரை வாக்கியம்.

நான்காம் நாள் ஜெசிந்தா குறுக்கே விழுந்தாள்.
"பில்லெல்லாம் யாருடி வச்சிருந்தா?"
நான்தான்.
"தேதி வாரியா?"
தேதி வாரியாக.
மருந்துக்குத் தனி, ரத்தப் பரிசோதனைக்குத் தனி.
காப்பீட்டில் தள்ளிய பதினோராயிரத்தை
மூன்று கடிதம் எழுதி வாங்கினேன்.
"பின்னே என்னடி இடைவெளி?"

கொஞ்ச நேரம் இருவரும் பேசவில்லை.
அந்தப் பக்கம் தேவகோட்டையில்
யார் வீட்டு நாயோ குரைத்துக்கொண்டிருந்தது.
என்ன கொடுத்துவிட்டோம் என்று
அவளுக்கு அப்போது பட்டதோ என்னவோ.
போனை வைக்குமுன் தன் முறையைக் கேட்டு வாங்கினாள்:
"என் இங்கிலீஷ் மோசம். தயங்காமத் திருத்து."

திருத்தினேன்.
ஒரே ஒரு பிழையைத் தெரிந்தே விட்டேன்.
ராத்திரி பதினொன்றரைக்கு
தூக்கம் வராமல் எழுந்து
அதையும் அனுப்பினேன்.
நீல டிக் உடனே விழுந்தது.
அவளும் தூங்கவில்லை.

அன்றைக்கென்று கரண்ட் இல்லை.
எவர்சில்வர் செம்பில் கொதிதண்ணீர் ஊற்றிச்
சுடிதாரைத் தேய்த்தேன்,
முன்பக்கம் மட்டும்.
பின்பக்கத்தை யார் பார்க்கப்போகிறார்கள்,
திரும்பி நடக்கும்போது தவிர.

புதுவயலில் இறங்கியதுமே அவித்த நெல் வாசம்.
பெஞ்சில் பதினான்கு பேர்.
உமிச் சாம்பல் பறந்து வந்து
எல்லோர் பயோடேட்டாவிலும்
பாரபட்சமில்லாமல் கையெழுத்துப் போட்டது.
ஜெசிந்தா எனக்கு நாலு பேர் தள்ளி.
தெரிந்தவர்கள்போல நாங்கள் காட்டிக்கொள்ளவில்லை.
இது ஒன்றைத்தான் ஒத்திகை பார்க்காமல் விட்டிருந்தோம்.

அவளை முதலில் கூப்பிட்டார்கள்.
சுவர்க் கடிகாரத்தில் ஒன்பது நிமிடம்.
வெளியே வந்தவளின் முகத்தில்
ஒரு எழுத்தும் படிக்க முடியவில்லை.
செருப்பு மாட்டக் குனிந்தவள்
என் முழங்காலிடம் சொன்னாள்:

"உள்ளே ஃபேன் பேய் மாதிரி சுத்துது.
தாளைக் கெட்டியாப் பிடிச்சுக்க."

உமையாள், என்றார்கள்.
கோப்பின் மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு
எழுந்தேன்.