ஒருத்தருக்கு ரெண்டு

மூணாம் நம்பர் கவுண்டர் எனக்கு.
காலையில ஒம்பதரைக்கு ஏறினா ராத்திரி ஒம்பதுக்கு இறங்கணும்.
உட்கார ஸ்டூல் உண்டு, சட்டப்படி.
அதுக்க மேல கவர்க்கட்டு உட்கார்ந்திருக்கு.

ஞாயித்துக்கிழமை, மழை.
பாலத்துக்கு அடியில நின்ன மார்த்தாண்டம் முழுக்க
ஏசியில தலை காய வந்திருக்கு.
பஸ்ஸில லேடீஸுக்கு டிக்கெட் இல்ல,
நூத்தி அறுபத்தஞ்சு ரூவா எண்ணெய்
நூத்தி இருபத்தெட்டு.
ஆராதனை முடிஞ்ச வெள்ளைச்சேலை ஒண்ணு
வேதப்புத்தகத்தை டிராலியில கிடத்தி
அதுக்க மேல சீனி பாக்கெட்டை அடுக்குது.

அந்த வரிசையில சுவாமிதாஸ் அண்ணன்.

பள்ளியாடி ஸ்டேஷன் ரோட்டுல அவருக்க கடை.
நல்ல மனுசன்னு நான் சொல்லமாட்டேன்.
தராசுத் தட்டுல அவருக்க சுண்டுவிரல்
எப்பளும் செத்த நேரம் கூடுதலா இருக்கும்.
எனக்கு டெங்கு வந்த மாசம்
கஞ்சிக்கு அரிசி குடுத்துவிட்டாரு,
கேட்காமலே.
எழுதவும் செய்தாரு, கேட்காமலே.
ஆயிரத்தி முந்நூத்தி நாப்பது
இன்னும் அவருக்க நோட்டுல நிக்குது.
ரெண்டு வருசமா நான் அந்த வழி நடக்கதில்ல,
தண்டவாளம் தாண்டிச் சுத்திப் போவேன்.

கூடையில எண்ணெய் மட்டும். எட்டு பாக்கெட்.

"ஏஜென்சிக்காரன் நூத்தி முப்பத்தொம்பதுக்கு தாரான்,"
என்னைப் பாக்காம பெல்ட்டுகிட்ட சொன்னாரு.
கடைக்காரர் கடைக்கு வந்து
கடைக்குச் சரக்கு எடுக்காரு.
தலைக்கு மேல போர்டு தொங்குது:
ஒரு பில்லுக்கு ரெண்டு மட்டும்.

நாலு பில் போடலாம். நாலு போன் நம்பர் வேணும்.

முதல்ல அவருக்க நம்பர்.
ரெண்டாவது அக்காவுக்க நம்பர்.
மூணாவது துபாய்ல மகன், முன்னாடி ஒரு சைபரா ரெண்டான்னு தெரியாம
பழைய ஊர் நம்பரையே சொன்னாரு.
நாலாவதுக்கு நின்னாரு.
பின்னால டிராலி முட்டுது.
சூப்பர்வைசர் செல்வின்,
இருபத்திரெண்டு வயசு, என்னை "ஏய் மூணு"ன்னு கூப்பிடுத பையன்,
அரிசி அடுக்குக்குப் பக்கத்துல இருந்து எட்டிப் பாக்கான்.

அப்பந்தான் அண்ணன் சொல்லத் தொடங்கினாரு,
ஒவ்வொரு எண்ணா,
நோட்டைத் திறக்காத ஆளு திறந்து வாசிக்குத மாதிரி.
ஒம்பது. நாலு. நாலு. எட்டு.
அஞ்சாவது எண்ணுக்கே எனக்கு விளங்கியாச்சு.
மாசம் ஒண்ணாம் தேதி தவறாம
அவரு விரல் அடிச்ச நம்பர்,
நான் எடுக்காம விட்ட நம்பர்.

ஸ்டாஃப் நம்பர்ல வெளியாளுக்கு பில் போட்டா
ஒரு நாள் சம்பளம் போவும்.
ரெண்டாம் தடவைன்னா ஆளே போவும்,
போன மாசம் புஷ்பலீலா போனது அப்படித்தான்,
டயபர் பாக்கெட் ஒண்ணுக்கு.

ஸ்கிரீன்ல எனக்க பேரு வந்து நின்னுது.
அண்ணன் அதை வாசிச்சாரு. நானும் வாசிச்சேன்.
செல்வின் நடந்து வாரான்.
நான் எண்டரைத் தட்டினேன்.

"பை வேணுமா? பன்னிரண்டு ரூவா."
"வேண்டாம் பிள்ளே" ன்னு
இடுப்புல சொருகியிருந்த சிமெண்ட் சாக்கை உதறினாரு.
அதுல அவருக்க கடை வாடை.
கருப்பட்டி, எலிமருந்து, ஈர உப்பு.

ஒம்பதேகாலுக்கு எனக்க பையைத் துழாவி,
சோத்துப் பாத்திரத்தைத் திறந்து பாத்து
வெளிய விட்டாவ.
பாலத்துக்கு அடியில பஸ்ஸுக்கு நிக்கும்போ
போன் ஒண்ணு விறைச்சுது.
"நன்றி விஜிலா! இன்று நீங்கள் சேமித்தது எழுபத்தி நாலு ரூபாய்."

செவ்வாய்க்கிழமை எனக்கு ஆஃப்.
தண்டவாளம் தாண்டாம நேர்வழி நடந்தேன்.
முன் அடுக்குல ஏழு பாக்கெட் நிக்குது,
மஞ்சள் ஸ்டிக்கரை நகத்தால சுரண்டின பசையோட.
விலை நூத்தி முப்பத்தஞ்சு.
பஸ் ஏறமுடியாத ஆரோ ஒரு கால் முடியாதவ
ஒண்ணு வாங்கியிருக்கணும்.

அண்ணன் நோட்டை எடுக்கல்ல.
"இன்னைக்கு உங்க கடையில சீனி என்ன விலை?"ன்னு கேட்டாரு.
உங்க கடை.
நான் சொன்னேன்.
அவரு பென்சிலை நாக்குல தொட்டு
எழுதிக்கிட்டாரு.