நாளை மதியம் ஒளிபரப்பு

சத்துவாச்சாரி கல்யாண மண்டபம்.
சிறந்த படத்தொகுப்பு:
சபுரா என்பதைச் சபரி என்று வாசித்தார்கள்.
ஏறினேன்.
கேடயம் தந்தவர் கேமராவைப் பார்த்தார்,
நான் படியைப் பார்த்தேன்.
மைக்கைப் பிடித்து இரண்டு வரி சொல்வதற்குள்
கரண்ட் போயிற்று.
இருட்டில் எங்கோ ஒரு குழந்தை தும்ம
மண்டபமே சிரித்தது, நானும்.

விழாவைக் கேபிளுக்கு வெட்டித் தரவேண்டியதும்
நான்தான். இரவோடிரவாக.
காட்பாடி பாலம் தாண்டி வந்து உட்கார்ந்தேன்.
தலைவர் பேச்சு பதினோரு நிமிஷம்,
நாற்பது நொடியாயிற்று.
சால்வைகள் எல்லாம் போயின.
என் இரண்டு வரியும்.

அந்த இருட்டில் மட்டும்
ஒரு பிரேம்கூடக் கைவைக்கவில்லை.

மதியம் விழாக்குழுவிலிருந்து போன்:
"நடுவுல படமே வரலியே, சபரி மேடம்?"