ஒரு மீட்டர் நாற்பது

ஓடுபாதை முடிகிற இடத்திலிருந்து
வானம் சரிவாகத்தான் ஏறுகிறது.
ஐம்பது மீட்டர் நடந்தால் ஒரு மீட்டர்.
கண்ணுக்குத் தெரியாத அந்தக் கூரையை
எல் ஆல்தோ நகரத்தின் தலைமேல்
கலையாமல் பார்த்துக்கொள்வது என் வேலை.
அளவைக் கருவி, முக்காலி, சிவப்புப் பெயிண்ட் டப்பா,
தெருநாய்களுக்கு ஒரு பொட்டலம் எலும்பு.

வானம்தான் எல்லை என்று
பள்ளி ஆண்டு விழாவில் பேசுகிறவர்கள்
ஒருநாள் என்னோடு வரலாம்.
நிகாசியா கொந்தோரெனாவின் வீட்டுக்கு மேலே அது
இருபது மீட்டர் எண்பதில் முடிகிறது.

ஆறு மாடி. பச்சையும் ஆரஞ்சும்.
கீழே டயர்க் கடை, அதற்கு மேல் கல்யாண மண்டபம்,
கப்பலில் வந்த சரவிளக்கு.
மொட்டை மாடியில் பன்னிரண்டு தூண்களின் கம்பிகள்
துருவேறி நிற்கின்றன,
கட்டாத ஏழாவது மாடிக்கு
இப்போதே கைதூக்கி.

ஒரு மீட்டர் நாற்பது அதிகம், என்றேன்.

அவள் தொப்பியைச் சரிசெய்துகொண்டாள்.
"இந்தத் தெருவில் எந்த வீட்டிலும்
உச்சி மாடி வீட்டுக்காரிக்கு.
ஒன்பது வருஷமாக நான்
மண்டபத்துச் சமையலறைக்குப் பின்னால் படுக்கிறேன்,
அடுத்தவர் கல்யாணத்து ட்ரம்பெட்டைக் காதில் வாங்கிக்கொண்டு.
மண்ணுக்குக் கொடுக்கவேண்டியதைக் கொடுத்தேன்.
லாமாக் கருவைப் புதைத்து, சாராயம் ஊற்றி,
கேட்டுத்தான் கடைக்கால் போட்டேன்.
மேலே இருப்பது யாருடையது?
யாருக்கு ஊற்றவேண்டும் சொல், ஊற்றுகிறேன்."

சட்டப் புத்தகத்தில் அதற்கு விடை இல்லை.
படிவ எண் இருந்தது.

"அங்கே பார்" என்றாள்.
வெள்ளை போர்த்தி உட்கார்ந்திருந்தது இல்லிமானி,
ஆறாயிரம் மீட்டருக்கு மேல்.
"அதற்கு நோட்டீஸ் ஒட்டினாயா?"

சிரித்துவிட்டேன். சிரித்திருக்கக் கூடாது.

காற்று மெலிந்த ஊர் இது, என்றேன்,
இறக்கைக்குப் பிடி கிடைக்காது,
இங்கே விமானங்களும் மூச்சு வாங்கித்தான் எழும்.
ஒரு இன்ஜின் நின்றுவிட்டால், இதோ, இப்படி,
என்று உள்ளங்கையை விமானமாக்கி மேசைமேல் ஏற்றினேன்.
அவள் கோப்பையின் விளிம்பில் உரசியது.
கொஞ்சம் தேநீர் சிந்தியது.

"இதுவரை எது இடித்தது?"
எதுவும் இல்லை.
"பிறகு?"
அதுதான், என்றேன். எதுவும் நடக்காமல்
பார்த்துக்கொள்வதுதான் எங்கள் வேலை.

சிந்தியதை மேல்பாவாடை ஓரத்தால் துடைத்தாள்.
"அப்படியானால் உங்களுடைய அந்த எதுவுமில்லையில்
என்னுடைய படுக்கையறை ஒன்று இருக்கிறது.
எழுதிக்கொள்."

'குறிப்பு' என்ற கட்டம் இரண்டு விரல் அகலம்.
உரிமையாளர் ஆட்சேபித்தார், என்று எழுதினேன்.

வியாழக்கிழமை அறுப்பு இயந்திரம் வந்தது.
தூணுக்கு நான்கு, நாற்பத்தெட்டுக் கம்பிகள்.
எங்கள் ஆள் பொறி பறக்க அறுத்ததை
அவள் ஒவ்வொன்றாக எண்ணி வாங்கினாள்.
பழைய இரும்புக்காரன் வாசலில் நின்று பார்த்துவிட்டு
வெறும் வண்டியோடு போனான்.

ஆகஸ்ட். பட்டம் விடும் காற்று.
பையன்களைத் துரத்திவிட்டு, எதிர் வீட்டு மாடியில்
தண்ணீர்த் தொட்டி ஒன்றை அளந்துகொண்டிருந்தேன்.
அந்தப் பக்கம்,
நான் வைக்கச் சொன்ன சிவப்பு விளக்குக்குப் பக்கத்தில்,
அறுத்த கம்பிகளை வளைத்துப் பற்றவைத்த ஒரு நாற்காலி.
அதில் அவள்.

கணக்கு தானாக ஓடியது, பழக்கதோஷம்.
தளத்திலிருந்து கூரைக்கு ஒரு மீட்டர் முப்பது.
உட்கார்ந்திருக்கும்வரை சட்டத்துக்குள்.
நின்றால், தொப்பியையும் சேர்த்து,
முப்பத்திரண்டு சென்டிமீட்டர் மீறல்.

சாந்தா க்ரூஸிலிருந்து வரும் மாலை விமானம்
சக்கரங்களை இறக்கியபடி வந்தது.
ஜன்னல்கள் அதிர்ந்தன, நாய்கள் குரைத்தன.
நிகாசியா கொந்தோரெனா
பாவாடையை உதறிக்கொண்டு
எழுந்து நின்றாள்.

தொட்டியின் உயரத்தைக் குறித்துக்கொண்டேன்.
வேறு எதுவும் நடக்கவில்லை.