பதினெட்டு அங்குலம்

நாக்பான் மலையில் நிலக்கரி இருப்பது
லண்டனுக்குத் தெரிய
ஒரு போர் வேண்டியிருந்தது.

அதற்கு முன் பதினோரு மனுக்கள்.
எழுதியவர் பாதிரியார் டிக்னன்.
தலை ஒட்டி முத்திரை குத்தியவள் நான்,
லீட்ரிமின் இந்த மூலையில் தபாலும் தந்தியும் நானே.
பரிசீலனையில் உள்ளது என்று
பதினோரு முறையும் பதில் வந்தது,
கையெழுத்து மட்டும் மாறி மாறி.

பதினேழாம் ஆண்டு அக்டோபர்.
நீர்மூழ்கிகள் கரிக்கப்பல்களை விழுங்க விழுங்க
அரசாங்கத்துக்கு எங்கள்மேல் பாசம் பொங்கியது.
கருவி தட்டியது:
இருப்புப்பாதை நான்கு மைல் அனுமதி
செலவு அரசுடையது
வேலை உடனே தொடங்குக.
விலாசம் போக ஒன்பது சொல்.
எண்ணுவது என் பிழைப்பு.

அதே கருவி, அதே வாரம்,
ஹொனோரா மக்கீவரின் மகனைப் பற்றியும் தட்டியது.
அது கொஞ்சம் நீளம்.
வருந்துகிறோம் என்பதற்கும்
ஒரு சொல்லுக்கான காசுதான்.

பொறியாளர் வந்தார், கால்சராயில் சேறு படாமல்.
கரிப்படுகை எவ்வளவு தடிமன் என்று கேட்டார்.
பதினெட்டு அங்குலம் ஐயா, என்றான் ஃபீலிம்,
ஓர் ஆள் போகலாம்.
குப்புற முடியாது, ஒருக்களித்து.
தண்ணீர் எந்தப் பக்கம் ஊறுகிறதோ
அந்தத் தோள் முதலில் செத்துப்போகும்.
பொறியாளர் குறித்துக்கொண்டார்:
போதுமானது.

பார்ட்லியின் டர்னிப் வயலில் முளை அடித்தார்கள்.
பன்னிரண்டு பவுன் இழப்பீடு.
வடக்குப் பாதிக்கும் தெற்குப் பாதிக்கும் நடுவே
இனி ஒரு சாம்ராஜ்யம் ஓடும்,
ஆட்டுக்கு யார் சொல்வது, என்றான்.

தண்டவாளமும் புதிதில்லை.
யாரோ ஓர் ஊரின் இரண்டாம் பாதையைப் பிடுங்கி
எங்களுக்கு அனுப்பியிருந்தார்கள்.
அந்த ஊரின் துரு
எங்கள் உள்ளங்கையில் ஒட்டியது.

பதினெட்டாம் ஆண்டு வசந்தத்தில்
கட்டாய ராணுவம் என்ற பேச்சு எழுந்தது.
கரி வெட்டுபவனைத் தொடமாட்டார்களாம்.
மறுநாள் காலை சுரங்க வாயிலில் வரிசை:
தையற்காரன் மகன், வாத்தியார் மகன்,
பேனாவைத் தவிர எதையும் தூக்கியறியாத
வங்கி குமாஸ்தா ஒருவன்.
மண்ணுக்குள் போகாமலிருக்க
மண்ணுக்குள் போனார்கள்.

ஹொனோராவும் வேலைக்கு வந்தாள்.
பாதைக்குக் கல் உடைக்க, நாளுக்கு இரண்டு ஷில்லிங்.
யாரும் எதுவும் கேட்கவில்லை.
அவள் உடைத்த கற்கள்
மற்றவர்களுடையதைவிடச் சிறிதாயிருந்தன.

நவம்பரில் போர் நின்றது.
நான்தான் ஓடிப்போய்ச் சொன்னேன்.
தொப்பிகள் பறந்தன, யாரோ அழுதார்கள்.
மேஸ்திரி மலாக்கி மட்டும் ஓடையைப் பார்த்தபடி
அப்போ பாலம்? என்றான்.
வெட்கங்கெட்ட கேள்வி.
எல்லோர் மனத்திலும் இருந்த கேள்வி.
இன்னும் முக்கால் மைல் பாக்கி.

பிறகு தந்தி வரவில்லை, கடிதம் வந்தது.
அவசரம் தீர்ந்துவிட்டதல்லவா.
பரிசீலனையில் உள்ளது.

அன்று சாயங்காலம் ஹொனோரா வந்தாள்.
கல்தூள் படிந்த விரலால்
ஒன்பது பென்னியை ஒவ்வொன்றாக மேசையில் வைத்தாள்.
லண்டனுக்கு, என்றாள். எழுது:
என் மகனை முடித்தீர்கள்
பாதையையும் முடியுங்கள்.

விலாசத்தோடு ஒன்பது சொல்தான், என்றேன்.
பன்னிரண்டுக்குக் காசு கொடுத்திருக்கிறாய்,
இன்னும் மூன்று போடலாம்.

வேண்டாம், என்றாள்.
அதை அவர்களே வைத்துக்கொள்ளட்டும்.

பதில் வந்ததா என்று கேட்காதீர்கள்.
இந்த வேலைக்கு ஒரு சத்தியப்பிரமாணம் உண்டு,
ஏற்கெனவே நிறையச் சொல்லிவிட்டேன்.
இதை மட்டும் சொல்கிறேன்:
இரண்டு குளிர்காலம் கழித்து
காலை ஏழு பத்துக்கு
என் ஜன்னல் கண்ணாடி அதிரத் தொடங்கியது.

ஊரே அந்தச் சத்தத்துக்குக் கடிகாரம் திருப்புகிறது.
ஹொனோரா மட்டும் நடையை நிறுத்தி,
தலை குனிந்து,
கடைசிப் பெட்டி போகும்வரை நிற்கிறாள்.
உதடு அசைகிறது.
ஜெபமாக இருக்கலாம்.
எண்ணுவதைப் போலத்தான் எனக்குத் தோன்றுகிறது.