ஆட்டுப்புழுக்கை

ரேஷன் கடையில் எடை போடுகிறவன் என்பதால்
நோட்டு என் கையில்.
நீர்மருது பதினெட்டு.
புங்கை அறுபது.
பூவரசு முப்பத்து மூன்று.
இலுப்பை ஒன்பது, அதில் ஒன்று வேனிலேயே ஒடிந்தது.
உடை கேட்டோம்,
பொட்டல் வெயிலுக்குக் குடை பிடிக்குமே, அந்த மரம்.
“அதையெல்லாம் யாருவே காசு குடுத்து வாங்குவா?”
நாங்குநேரி நர்சரிக்காரர்
குழாயை மூடாமல் சிரித்தார்.

பங்குனியில் பாதி பட்டது.
மீதியை மேய்ந்தது பலவேசத்தின் வெள்ளாடு.
ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில்
ஐந்நூறு அபராதம்.
“போர்டு வச்சிருக்கியளே,
எங்க ஆடு எத்தனாங் கிளாஸ் படிச்சிருக்குன்னு நெனச்சிய?”
ஆனாலும் மடியை அவிழ்த்து
இருநூறு கட்டினார்,
பத்தும் இருபதுமாக, ஆட்டு வாடையோடு.
பாக்கி முந்நூறு என்று எழுதினேன்.

ஆடி மேலக்காற்றில்
காற்றாலைகள் ஒன்றையொன்று துரத்துவது போலச் சுற்ற,
பொக்லைன் குளத்துக்குள் இறங்கிச்
சீமைக்கருவேலத்தை வேரோடு புரட்டியது.
முப்பிடாதி தன் கரிமூட்டத்தின் பக்கத்தில் நின்று பார்த்தாள்.
முழங்கை வரை கரி.
“அம்புட்டையும் புடுங்கிட்டா நான் எதை எரிக்க?”
பொக்லைன் சத்தத்தில் கேட்காத மாதிரி இருந்தோம்.
கேட்டது.
நோட்டில் அதற்குக் கட்டம் இல்லை.

ஐப்பசியில் நாலு நாள் மழை.
மறுகால் ஓரம்,
சித்திரை முழுக்கப் பலவேசம் கிடை போட்டிருந்த செம்மண்ணில்
ஒரு விரற்கடைப் பச்சை.
யாரும் குழி தோண்டாத இடம்.
ஒரு குடம் தண்ணீர் போகாத இடம்.
ஜெசிந்தா டீச்சர் குத்தவைத்து
மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி
“ஏ, உடை!” என்றார்.
தின்ற நெற்று
வயிற்றுச் சூட்டில் ஊறித் தோல் இளகி
புழுக்கைக்குள்ளிருந்து முளைத்திருக்கிறது,
விலைக்குக் கேட்டும் கிடைக்காதது.

கொண்டாட்டம் பத்து நிமிடம்கூட இல்லை.
சீமையும் அதே கிடையில், அதே புழுக்கையில்,
தோளோடு தோளாக.
ஆடு இரண்டு நெற்றையும் ருசித்துத்தான் தின்றிருக்கிறது.
முளையில் எது எதுவென்று
டீச்சரின் போன் மூன்று தடவைக்கு மூன்று பதில் சொன்னது.

முப்பிடாதியைக் கூப்பிடப் போனேன்.
வரமாட்டாள் என்று நினைத்தேன்.
வந்தாள். முதலில் பேரம்.
“கீழ்க்கரை ரெண்டு வருசத்துக்கு என் மூட்டத்துக்கு.
எழுதுங்க.”
எழுதினேன். கைநாட்டு வைத்தாள்,
மை தேவைப்படவில்லை.

பிறகு உட்கார்ந்தாள்.
விரல்கள் கண்ணைக் கேட்காமல் நகர்ந்தன.
“இது கரி.
இது கரி.
இது குடை.
இதுவும் கரி. இந்தா, இது குடை, மிதிச்சிராதிய.”
சீரகத்தைக் கிள்ளி ஒட்டியது போன்ற இலை குடைக்கு.
அவள் சொன்ன பிறகு தெரிந்தது,
அடுத்த முளையில் மறுபடி தெரியவில்லை.
உச்சிவெயில் வரைக்கும்
ஒரு பாய் விரிக்கிற இடம்தான் முடிந்தது.

‘நட்டவர்’ என்ற கட்டத்தில்
பலவேசம் என்று எழுதிக் காட்டினேன்.
“அடியும்வே. கெடா பேரை எழுதும்.”
எழுதவில்லை. அடிக்கவும் இல்லை.
உடை: எண்ணிக்கை தெரியவில்லை.
பாக்கி முந்நூறை என்ன செய்ய என்று
அடுத்த ஞாயிறு கேட்க வேண்டும்.